சென்னையில் நெட்வொர்க் பெட்டி: வெயில், உப்பு, தண்ணீர் பார்த்து வாங்குவது

மதியம் இரண்டு மணிக்கு மேல் கேமராக்கள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடுகின்றன, ராத்திரி தானாகவே எழுந்துவிடுகின்றன என்றால், கேமராக்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றுவதற்கு முன் அது உட்கார்ந்திருக்கும் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். சென்னையில் இந்த வேலையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன புகார் இது. புது ஸ்விட்ச் வாங்கி மாட்டினாலும், அடுத்த கத்திரியில் அதுவும் அதே நேரத்துக்குப் படுத்துக்கொள்ளும்.

பெட்டி வாங்கும்போது பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: "ஐபி 65 தானே?" தூசி எவ்வளவு நுழையும், தண்ணீர் எவ்வளவு நுழையும் என்ற இரண்டை மட்டுமே அந்த எண் சொல்லும். வெயில், உப்புக் காற்று, உள்ளே இருக்கும் கருவிகளின் சூடு, எலி, எறும்பு எதைப் பற்றியும் அது பேசாது. இந்த ஊரில் பெட்டிகளைக் கெடுப்பவை இவைதான். போதாக்குறைக்கு, அந்த எண் தொழிற்சாலையிலிருந்து வந்த முழுப் பெட்டிக்குக் கொடுக்கப்பட்டது. கேபிளுக்காக நாம் முதல் துளையைப் போட்ட பிறகு அந்த எண்ணைக் காப்பாற்றுவது நம் கைவேலைதான்.

எண்ணைப் படிக்கும் முறையை முதலில் பார்த்துவிடலாம். ஐஇசி 60529 தரத்தின்படி முதல் இலக்கம் தூசிக்கு: 5 என்றால் கொஞ்சம் தூசி நுழையலாம், ஆனால் வேலையைக் கெடுக்காது, 6 என்றால் தூசியே நுழையாது. இரண்டாவது தண்ணீருக்கு: 5 என்பது 6.3 மில்லிமீட்டர் முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சுவதைத் தாங்குவது. 6 என்பது 12.5 மில்லிமீட்டர் முனையிலிருந்து 100 லிட்டர். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். 67 என்பது 66ஐவிடப் பெரிய எண்தான். ஆனால் 67 தேறிய பெட்டி பீய்ச்சும் தண்ணீரையும் தாங்கும் என்று பொருளில்லை. இரண்டும் தேவைப்பட்டால் இரண்டு எண்களும் போட்ட பெட்டியைத்தான் கேட்க வேண்டும். சன்ஷேடுக்குக் கீழே சுவரில் மாட்டுவதற்கு 55 போதும். மொட்டை மாடியில் ஐப்பசி, கார்த்திகை மழையைக் காற்றோடு வாங்கும் இடத்துக்கு 65 அல்லது 66 வேண்டும். தெருவோரத்தில் கை எட்டும் உயரத்தில் வைப்பதாக இருந்தால் அடி தாங்கும் அளவான ஐகே எண்ணையும் பாருங்கள். ஐகே 10 என்றால் 20 ஜூல், அதாவது 5 கிலோ எடை 40 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் அடி.

சூட்டுக் கணக்கு போடாமல் பெட்டி வாங்கக் கூடாது

பெட்டியை எந்த அளவுக்கு இறுக்கி மூடுகிறோமோ அந்த அளவுக்கு உள்ளே சூடு தங்கும். இந்த இழுபறியைக் காகிதத்தில் தீர்த்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். கணக்கு பெரிய கணக்கில்லை.

உள்ளே எத்தனை வாட் சூடாக மாறுகிறது என்று முதலில் கூட்டுங்கள். கருவிகளின் மேல் எழுதியிருக்கும் எண்களை அப்படியே கூட்டினால் தவறான விடை வரும். 24 போர்ட் பிஓஇ ஸ்விட்சில் (நெட்வொர்க் கேபிள் வழியே கரன்டும் அனுப்பும் ஸ்விட்ச்) 370 வாட் என்று போட்டிருந்தால், கேமராக்களுக்கு அது அனுப்பக்கூடிய உச்ச அளவு அது. 16 கேமராக்கள் தலா 8 வாட் எடுத்தால் 128 வாட் கேபிள் வழியே வெளியே போய்விடுகிறது. ஸ்விட்ச் தனக்கென்று 30 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 158. பவர் சப்ளையின் திறன் 88 சதவீதம் என்றால் பிளக்கிலிருந்து இழுப்பது சுமார் 180 வாட். அதில் 128 வெளியே போக, பெட்டிக்குள் சூடாக மிஞ்சுவது 52 வாட். இதோடு கேமராப் படங்களைப் பதியும் என்விஆர் 25 வாட், ஃபைபர் இணைப்பு வந்து முடியும் ஓஎன்டி பெட்டி 10 வாட், யுபிஎஸ் இழப்பு 13 வாட் சேர்த்தால் 100 வாட் ஆகிறது.

அடுத்தது, அந்தச் சூடு பெட்டியின் உடல் வழியே எவ்வளவு வெளியேறும் என்பது. சுவரில் மாட்டிய பெட்டிக்குச் சூடு விடும் பரப்பு: 1.4 × அகலம் × (உயரம் + ஆழம்) + 1.8 × ஆழம் × உயரம், எல்லாம் மீட்டரில். 600 மில்லிமீட்டர் அகலம், 800 உயரம், 400 ஆழம் உள்ள பெட்டிக்கு இது சுமார் 1.58 சதுர மீட்டர். பெயின்ட் அடித்த இரும்புத் தகடு, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு 5.5 வாட் கடத்தும். 1.58ஐ 5.5ஆல் பெருக்கினால் 8.7. நம் 100 வாட்டை அதால் வகுத்தால் 11.5 டிகிரி. அதாவது நிழலிலேயே வைத்தாலும் வெளிச்சூட்டைவிட உள்ளே பதினொன்றரை டிகிரி அதிகம் இருக்கும். மே மாதம் நிழலில் 40 டிகிரி என்பது நமக்குச் சாதாரணம். 2003 மே கடைசியில் நகரத்தில் 45 டிகிரியே பதிவாகியிருக்கிறது. 40 என்றே வைத்துக்கொண்டாலும் உள்ளே 51க்கு மேல். அலுவலகத்துக்கென்று செய்த ஸ்விட்சுகளில் பலவற்றுக்கு உச்ச வரம்பு 40, 45 அல்லது 50தான்.

இதில் வெயிலை இன்னும் சேர்க்கவில்லை. மேற்குச் சுவரில் மாட்டி, சாயங்கால வெயில் நேராகக் கதவில் அடித்தால், 0.48 சதுர மீட்டர் கதவின் மேல் 300 வாட்டுக்கு மேல் விழும். வெளிர் சாம்பல் நிறம் அதில் ஏறக்குறைய பாதியை உறிஞ்சும். உறிஞ்சியதில் பாதி உள்ளே இறங்கினாலும் 75 வாட்டுக்குக் குறையாது. உள்ளே இன்னும் எட்டு ஒன்பது டிகிரி ஏறும். அறுபதைத் தாண்டிய பிறகு என்விஆரில் இருக்கும் ஹார்ட் டிஸ்க்தான் முதலில் போகும். அந்தப் பதிவுகளுக்காகத்தானே இவ்வளவு செலவும். கறுப்பு, அடர் நீலம் போன்ற நிறங்களை வெளியில் வைக்கவே வேண்டாம்.

இதைச் சரிசெய்யச் செலவு குறைந்த வழியிலிருந்து தொடங்க வேண்டும். முதலாவது, சுவரை மாற்றுவது. கிழக்கும் மேற்கும் மோசம். வடக்கு நல்லது. ஆனால் சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். அதனால் வடக்குச் சுவரிலும் மேலே ஒரு சிறு சன்ஷேடு வேண்டும். இரண்டாவது, வெயில் படும் பக்கங்களில் 25 முதல் 50 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு ஒரு தகடு மாட்டுவது. தகடு வெயிலை வாங்கிக்கொள்ளும், இடைவெளிக் காற்று சூட்டை மேலே தூக்கிக்கொண்டு போகும். கீழும் மேலும் அந்த இடைவெளி திறந்திருக்க வேண்டும்; சுற்றிலும் மூடி வெல்டு வைத்துவிட்டால் பயனில்லை. மூன்றாவது, என்விஆரையும் யுபிஎஸ்ஸையும் வீட்டுக்குள் கொண்டுபோய், வெளியே ஸ்விட்சை மட்டும் விடுவது. நான்காவது, பெரிய பெட்டி. இவையெல்லாம் பார்த்த பிறகுதான் விசிறியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

விசிறிக்குச் சூத்திரம் இதுதான்: மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்பது 3.1 × வாட் ÷ அனுமதிக்கும் டிகிரி. 100 வாட்டுக்கு 5 டிகிரி மட்டும் ஏறலாம் என்றால் 62 கன மீட்டர். விசிறி அட்டையில் போட்டிருப்பது தடையில்லாத காற்றின் அளவு. ஃபில்டர் வைத்தால் நன்றாகக் குறையும், ஃபில்டரில் தூசி ஏறினால் இன்னும் குறையும். அதனால் இரண்டு மடங்கு வாங்கிவிடுவது நல்லது. விசிறியைக் கீழே வைத்துக் காற்றை உள்ளே தள்ளும்படி மாட்டுங்கள், மேலே ஃபில்டரோடு வெளியேறட்டும். உள்ளே தள்ளினால் பெட்டிக்குள் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், சந்துபொந்து வழியே தூசி நுழையாது. மேலே வைத்து உறிஞ்ச விட்டால் ஒவ்வொரு ஓட்டையும் தூசிக்கு வாசலாகிவிடும். ஒன்றை மறக்கக் கூடாது: எவ்வளவு பெரிய விசிறி போட்டாலும் வெளிக்காற்றைவிட உள்ளே குளிராது. வெளியே 42 என்றால் உள்ளே 47தான். அங்கே மைனஸ் 40 முதல் 75 டிகிரி வரை தாங்கும் தொழில்தரக் கருவிகளை வாங்குவது, பெட்டிக்கு ஏசி வைப்பதைவிட மலிவாக முடியும். ஸ்விட்சில் ஃபைபரை இணைக்கச் செருகும் எஸ்எஃப்பி மாட்யூலையும் மைனஸ் 40 முதல் 85 வரையுள்ள தொழில்தரத்திலேயே வாங்க வேண்டும். ஸ்விட்சை நல்லதாக வாங்கிவிட்டு மாட்யூலை 0 முதல் 70 டிகிரிக்கானதாகச் செருகிவைப்பது அடிக்கடி நடக்கிறது.

ஏசி வைத்தே ஆக வேண்டிய பெரிய கேபினெட் என்றால், 20 டிகிரிக்கு வைத்துவிடாதீர்கள். கோடையில் இந்த ஊர்க் காற்றின் பனிநிலை 25 டிகிரியை ஒட்டியே இருக்கும். அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும், கதவைத் திறந்த மறுகணம் தண்ணீர் கோத்துக்கொள்ளும். 30 முதல் 32 டிகிரிக்கு வைத்தால் கருவிகளுக்கும் போதும், கரன்ட் பில்லும் குறையும்.

பேட்டரிக்குத் தனிக் கணக்கு. யுபிஎஸ்ஸில் வரும் சாதாரண விஆர்எல்ஏ (மூடிய ஈய-அமில) பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகும். ஐந்து வருடப் பேட்டரி 45 டிகிரியில் ஒன்றேகால் வருடத்துக்கு மேல் வராது. சார்ஜ் ஆகும்போது அது கொஞ்சம் ஹைட்ரஜனும் விடும் என்பதால், காற்றுப்போக்கே இல்லாத ஐபி 66 பெட்டிக்குள் வைத்து மூடுவது ஆபத்து. பேட்டரிக்கென்று காற்றோட்டமுள்ள தனி அறையோ தனிப் பெட்டியோ வேண்டும்.

உப்புக் காற்று

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலை: இங்கெல்லாம் பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் பாதி வேலை. சமையல் உப்பு 75 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றின் நீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். ஆக, கடற்கரையில் ஒரு தகட்டின் மேல் உப்பு படிந்தால், மழையே பெய்யாவிட்டாலும் அந்தத் தகடு நாள் முழுக்க ஈரமாகவே இருக்கும்.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கும். திறந்தவெளியில் மழையில் நனையும் பெட்டியைவிட, சன்ஷேடுக்குக் கீழே பத்திரமாக இருக்கும் பெட்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். மழை வந்து உப்பைக் கழுவிவிடுவதில்லை. வெயிலுக்காக நிழல் கொடுத்த பெட்டியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரும் துணியும் கொண்டு துடைத்துவிட வேண்டும். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கும் தெருக்களில் அதை வைத்துத் துடைப்பதில் அர்த்தமில்லை.

பவுடர் கோட்டிங் அடித்த சாதாரண இரும்புத் தகடு அண்ணா நகரிலும் போரூரிலும் நன்றாகவே உழைக்கும். கடற்கரையில் முதலில் துளை ஓரங்களிலும் கீல்களிலும் பூட்டைச் சுற்றியும் கொப்புளம் கிளம்பும். பூச்சு 60 முதல் 80 மைக்ரான் இருக்க வேண்டும். அளக்கும் கருவியைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. துத்தநாகம் பூசிய இரும்பை ஜிஐ தகடு என்பார்கள். இசட் 275 என்றால் இரண்டு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 275 கிராம் துத்தநாகம், ஒரு பக்கத்துக்கு 20 மைக்ரான்தான். வெட்டிய விளிம்பில் அதுவும் இல்லை. துளை போட்ட உடனேயே அரம் வைத்துப் பிசிறை எடுத்துவிட்டு, துத்தநாகம் கலந்த பெயின்ட் இரண்டு கை பூச வேண்டும். துரு வந்த பிறகு பூசிப் பயனில்லை.

எஸ்எஸ் என்று சொன்னால் மட்டும் போதாது. 304 கடற்கரையில் டீக்கறை மாதிரி பழுப்பாகும், பிறகு சிறு சிறு குழி விழும். 316இல் இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பை எதிர்க்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். காந்தம் வைத்தும் பிரித்தறிய முடியாது. மெட்டீரியல் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், அல்லது கடைகளில் கிடைக்கும் மாலிப்டினம் சோதனைத் துளியை ஒரு மூலையில் விட்டுப் பாருங்கள். உடல் 316ஆக வந்து, கீலும் பூட்டும் நட்டும் 304ஆக வருவது வழக்கமாக நடக்கிறது. ஆர்டரிலேயே மூன்றையும் எழுதிவிடுவது நல்லது.

கடற்கரைச் சிறு வேலைகளுக்கு எங்கள் தேர்வு எஃப்ஆர்பி (கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக்) அல்லது வெயில் தாங்கும் பாலிகார்பனேட். துருவே கிடையாது, வைஃபை அலையும் தாராளமாக வெளியே வரும். இரும்புப் பெட்டிக்குள் ஆக்சஸ் பாயின்டை வைத்துவிட்டு சிக்னல் இல்லை என்று தேடுவதற்கு இங்கே வேலையே இல்லை. ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் போட வேண்டும்: பிளாஸ்டிக் 5.5க்குப் பதில் 3.5 வாட்தான் கடத்தும். அதே 100 வாட், அதே அளவுப் பெட்டியில் 18 டிகிரி ஏறும். அதனால் இந்தப் பெட்டிகளுக்குள் ஓஎன்டி, ஸ்ப்ளிட்டர், சிறு ஸ்விட்ச் போன்ற குறைந்த வாட் சாமான்கள்தான் பொருத்தம். சாதாரண ஏபிஎஸ் பெட்டியை வெளியில் வைக்காதீர்கள். மஞ்சளாகி, கீல் முறிந்துவிடும்.

கடற்கரையில் விசிறி வைத்த பெட்டியும் கூடாது. உப்பை நாமே அள்ளி உள்ளே போடுவதற்குச் சமம் அது. எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்வதால், அங்கே உள்காற்றும் வெளிக்காற்றும் கலக்காத வெப்பமாற்றி உள்ள கேபினெட்டுதான் நிற்கும்.

துளையும் கிளாண்டும்

சுவரில் கன்ட்யூட் மேலே இருந்து இறங்குகிறது. எலக்ட்ரீஷியன் ஹோல் சாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்: "சார், பைப் மேலதான் வருது. மேலயே ஒரு ஹோல் போட்டு எறக்கிடட்டுமா?" அந்த நேரத்தில் "வேணாம்ணே, சைடுல எறக்கி, அடியில ஒரு வளைவு விட்டு, கீழ இருந்து ஏத்துங்க" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். கேபிள் மேலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே நேராக ஸ்விட்சின் தலையில் இறங்கும். கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

துளையில் கேபிளைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் திருகு மூடிதான் கிளாண்டு. ஒரு கிளாண்டுக்கு ஒரு கேபிள். எம் 20 கிளாண்டு பொதுவாக 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை பிடிக்கும். கேட் 6 கேபிள் 6 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் எம் 16 இன்னும் நன்றாக இறுகும். ஒரே கிளாண்டில் மூன்று கேபிளைத் திணித்தால் நடுவில் முக்கோணமாக ஓட்டை நிற்கும். அதன் வழியே எறும்பு வரும். எறும்பைத் தேடிப் பல்லி வரும். பல்லி பவர் சப்ளையின் டெர்மினலில் போய்ச் சாகும். பல கேபிள் வருவதாக இருந்தால் பல துளை உள்ள ரப்பர் செருகல் வைத்த கிளாண்டு வாங்க வேண்டும். நுனியில் ஆர்ஜே 45 ஏற்கெனவே கிரிம்ப் செய்து வரும் கேபிளுக்குப் பிளந்து மூடும் கிளாண்டு இருக்கிறது. பயன்படாத துளைகளைப் பிளக்கால் அடைக்க வேண்டும். டேப் சுற்றி அடைத்தது ஒரு வெயில்காலம்கூடத் தாங்காது.

சிலிக்கான் பூசுவதாக இருந்தால் டியூபைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது உலரும்போது அசிட்டிக் அமிலம் விடும். மூடிய பெட்டிக்குள் செம்பு முனைகளைப் பச்சையாக்கிவிடும். வாடையில்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நன்றாக இறுக்கி மூடிய பெட்டிக்குள்ளேயே தண்ணீர் நிற்பதைப் பார்த்து, கேஸ்கெட் (கதவைச் சுற்றியுள்ள அடைப்பு ரப்பர்) மட்டம் என்று திட்டுபவர்கள் உண்டு. நடப்பது வேறு. மதியம் 60 டிகிரியில் இருந்த உள்காற்று, திடீர் மழையில் 30 டிகிரிக்கு இறங்கினால் அதன் அழுத்தம் ஒன்பது சதவீதம் குறையும். கதவைச் சுற்றி அந்த நேரம் தண்ணீர் நிற்கிறது. பெட்டி அதை உறிஞ்சிக்கொள்ளும். தினமும் ஒரு ஸ்பூன் போனால் போதும். இதற்கு மருந்து, அடியில் ஒரு வென்ட் பிளக். உள்ளே இருக்கும் சவ்வு காற்றை விடும், தண்ணீரை விடாது. எம் 12 அளவில் கிடைக்கும், பெட்டியின் விலையோடு பார்த்தால் ஒன்றுமேயில்லை. சிலிக்கா ஜெல் பையை நம்பி இதைத் தவிர்க்கிறார்கள். நம் ஈரத்தில் அது சில வாரங்களில் நிறைந்துவிடும், மாற்ற யாரும் வருவதில்லை.

கதவுக்கும் உடலுக்கும் எர்த் பின்னல் வயர் போட்டிருக்க வேண்டும். வயர் முனையில் இருக்கும் லக் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டாமல் போல்ட் முறுக்கினால் அது எர்த்தே அல்ல. வெளிர் நிற நைலான் டை வெயிலில் உதிர்ந்து கேபிள் தொங்கும். வெளியே கறுப்பு டைதான்.

தண்ணீர் ஏறும் பகுதிகள்

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் எங்கே வரை ஏறியது என்று அந்தந்தத் தெருக்காரர்களைக் கேட்டாலே சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள். பெட்டியின் அடிப்பகுதி அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு அடியாவது இருக்க வேண்டும். ஐபி 67 இருக்கிறதே என்று கீழே வைக்காதீர்கள். அந்தச் சோதனை அரை மணி நேரத்துக்கு. வெள்ளம் நாள்கணக்கில் நிற்கும். ஸ்டில்ட் பார்க்கிங்கில் தரையில் நிறுத்தும் கேபினெட்டில் பேட்டரி கனம் என்று அடித்தட்டில் வைக்கிறார்கள். இந்தப் பகுதிகளில் கேபினெட்டையே மேடை கட்டி உயர்த்த வேண்டும், அல்லது முதல் மாடிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கரன்ட் தேவைப்படாத ஃபைபர் ஜாயின்ட்டுகளைக் கீழே வைக்கலாம். சேம்பருக்குள் (தரைக்கடியில் உள்ள கேபிள் குழி) போகும் குளோஷர், அதாவது ஜாயின்ட்டை மூடும் உறை, ஐபி 68 டோம் வகையாக இருக்கட்டும். மூடியதும் வால்வு வழியே காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். பக்கத்தில் 10 முதல் 15 மீட்டர் கேபிளைச் சுருட்டி வைத்தால்தான், பிறகு குளோஷரை மேலே தூக்கி வேனில் வைத்து ஃபைபரை ஒட்டவைக்க (ஸ்ப்ளைஸ் செய்ய) முடியும். பெட்டிக்குள் ஃபைபர் சுற்றும் இடத்தில் சாதாரண ஜி.652 வகை ஃபைபர் என்றால் 30 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக மடக்கக் கூடாது. வீட்டுக்கு வரும் ஜி.657ஏ1 டிராப் கேபிள் 10 வரை தாங்கும்.

காற்றும் உண்டு. 2016 டிசம்பர் 12இல் வர்தா அடித்ததுபோல ஒன்று வந்தால், மொட்டை மாடிப் பெட்டியைச் சுவரோடு பிடித்திருப்பது போல்ட்தான். ஓஎம்ஆர் பக்கம் புதுக் குடியிருப்புகளில் சுவர் ஏஏசி கல்லாக (காற்றுத் துளை நிறைந்த லேசான கான்கிரீட் கல்) இருக்கிறது. சாதாரண ரால் பிளக் அதில் பிடிக்காது, சுவரை ஊடுருவிப் பின்னால் தகடு வைத்து முறுக்க வேண்டும்.

மற்ற இடங்கள்

அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளில் அரவை எந்திரம் இருக்கும் கூடத்துக்குக் கண்ணாடிக் கதவு ரேக்கைக் கொண்டுபோகாதீர்கள். இரும்புத் தூள் மின்சாரம் கடத்தும். ஸ்விட்சின் விசிறியே அதை உறிஞ்சி போர்டில் படியவைக்கும். ஐபி 54க்குக் குறையாத, விசிறியில்லாத கருவி வைத்த பெட்டிதான் அங்கே. கழிவுநீர் நீரேற்று நிலையங்கள், சுத்திகரிப்பு நிலையங்கள் பக்கத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்பையும் வெள்ளியையும் கறுப்பாக்கும். அங்கேயும் வெளிக்காற்றை உள்ளே விடக் கூடாது. மணலி போன்ற இடங்களில் எரிவாயு கசியக்கூடிய பகுதிக்குள் வைப்பதாக இருந்தால் அது தீப்பொறி வெளியே வராத சான்றிதழ் பெற்ற பெட்டி. அதில் நாமாக ஒரு துளைகூடப் போடக் கூடாது, போட்டால் சான்றிதழ் போயிற்று.

அலுவலகத்துக்குள் மாட்டும் ரேக்கில் பெரும்பாலும் ஆழத்தில்தான் தவறு நடக்கிறது. 19 அங்குலம் என்பது அகலம் மட்டுமே. உயரத்தை யு கணக்கில் சொல்வார்கள், ஒரு யு 44.45 மில்லிமீட்டர். 450 ஆழ ரேக்கில் முன்னே கேபிள் மடங்கவும் பின்னே பவர் கார்டுக்கும் விட்டது போக 300தான் கையில் கிடைக்கும். பிஓஇ ஸ்விட்சுகளில் பல 400ஐ ஒட்டி வரும். ஸ்விட்சின் ஆழத்தோடு 150 சேர்த்து ரேக் வாங்குங்கள், மொத்த யுவில் கால்பங்கு காலியாக விடுங்கள். ஸ்பிளிட் ஏசிக்கு நேர் கீழே மாட்டாதீர்கள். டிரெய்ன் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரேக்கின் மேல்தான் ஊற்றும்.

பணம் கொடுப்பதற்கு முன்

பெட்டி வந்து இறங்கியதும் ஒரு தாள் துண்டைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டி இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும், முக்கியமாக மூலைகளிலும் கீல் பக்கத்திலும். லேசாக உருவி வந்தால் அந்த இடத்தில் கேஸ்கெட் அழுந்தவில்லை. வெட்டி ஒட்டிய கேஸ்கெட் மூலையில் விட்டுப்போகும். ஒரே ஓட்டமாக ஊற்றிய பியு (பாலியூரித்தேன்) கேஸ்கெட்டே மேல். 600 மில்லிமீட்டருக்கு மேல் உயரமுள்ள கதவுக்கு ஒற்றைப் பூட்டு போதாது, மேலும் கீழும் நடுவிலும் பிடிக்கும் மூன்று முனைத் தாழ் கேளுங்கள்.

கேபிள் எல்லாம் ஏற்றி, கிளாண்டு முறுக்கி, கருவிகளை மாட்டுவதற்கு முன் உள்ளே அடியிலும் கிளாண்டுகளைச் சுற்றியும் டிஷ்யூ பேப்பர் விரித்துக் கதவைப் பூட்டுங்கள். தோட்டக் குழாயால் மூன்று நிமிடம் எல்லாப் பக்கமும் பீய்ச்சிவிட்டு, வெளியே துடைத்த பிறகு திறந்து பாருங்கள். எந்தப் பேப்பர் நனைந்திருக்கிறதோ அதற்குப் பக்கத்திலோ மேலேயோ உள்ள துளைதான் கசிகிறது. கிளாண்டு நட்டை இன்னும் முறுக்கிப் பாருங்கள், நிற்காவிட்டால் கிளாண்டின் அளவையே மாற்றுங்கள். முழுக்க உலர்ந்த பிறகு கருவிகளை ஏற்றி, ஒரு சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை ஸ்விட்சுக்கு மேலே, பெட்டியின் மேல் தட்டுக்குப் பக்கத்தில் கட்டுங்கள். அந்தந்த நாளின் மதிய வெளிச்சூட்டையும் அதையும் சேர்த்து எழுதி, இடையில் இருக்கும் வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் 30க்கு 44 என்று வந்தால் மே மாதம் 40க்கு 54 வரும்; சன்ஷேடு போட உங்களுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது.